காமிராவுக்கு ஒத்தடம்

போன சனிக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு, எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஒரு காமிராவுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தோம்.

அச்சுப் பிழை இல்லை. காமிராவுக்குத்தான். முழங்காலுக்குக் கொடுப்பது போலவே, கல் உப்பை வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, சூடு பொறுக்கிற பதத்தில்...

ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எனக்கு எதையும் முதலிலிருந்து, வரிசைப்படி சொல்லித்தான் பழக்கம்.

இந்த மாதம் எந்தப் பேப்பரைத் திறந்தாலும் வால் நட்சத்திரம். விடிவதற்கு முன்னால் கிழக்கே தெரிகிறது, நாலைந்து நாளில் மங்கிவிடும், பார்க்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதுகிறார்கள். நான் பார்ப்பதாக இல்லை. பென்ஷன் வாங்குகிறவன் விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

ஆனால் அடுத்த வீட்டில் ஞானமணி டீச்சர் இருக்கிறாரே!

காக்ஸ் டவுன் பக்கம் ஒரு பெண்கள் ஹைஸ்கூலில் சயின்ஸ் டீச்சர். வயது முப்பத்தைந்து இருக்கும். ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று எங்கள் ஜீவனஹள்ளியில் கேட்காத ஆள் இல்லை. பதில் வாங்கிய ஆளும் இல்லை. புதன்கிழமை சாயங்காலம் வந்து நின்றார்.

"சார், உங்க மாடி வேணும்."

"எதுக்கும்மா? வடாம் காயப்போடவா?"

"வால் நட்சத்திரத்தை போட்டோ எடுக்கணும். நம்ம வரிசையில கிழக்கே தென்னமரம் மறைக்காத மாடி உங்களுது ஒண்ணுதான். மூணு நாளைக்கு, விடியக்காலையில."

"எழுத்துமூலம் கேட்டால் பரிசீலிக்கலாம்" என்றேன், வேடிக்கையாக.

"கொண்டு வந்திருக்கேன் சார்" என்று கைப்பையிலிருந்து ஒரு மனுவை எடுத்து நீட்டினார். பெறுநர், பொருள், தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. நான் என்ன செய்ய? மாடியைக் கொடுத்தேன்.

விஷயம் இதுதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் மூலையில் ஓர் அறை. அதில் டீச்சர் நடத்தும் விஞ்ஞானக் கழகம். ஒரு ஸ்பிரிங் தராசு, கொஞ்சம் கண்ணாடித் தகடுகள், ஓடாத ஒரு பாரோமீட்டர், இருபது பெண்கள். அந்த அறையைத் தையல் வகுப்புக்குக் கொடுத்துவிடலாம் என்பது ஹெட்மிஸ்ட்ரஸ் எண்ணம். ஆறு தையல் மிஷின்கள் ஏற்கெனவே வராந்தாவில் வந்து இறங்கிவிட்டன. திங்கட்கிழமை இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிறார். அதற்குள் கழகம் சொந்தமாகச் செய்த வேலை ஒன்றையாவது காட்டினால் சரி. இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை மிஷின்கள் உள்ளே, தராசு மாடிப்படிக்கு அடியில்.

"பொண்ணுங்க கணக்குப் போட்டு, எந்தத் திசை, எத்தனை மணின்னு எழுதிக் குடுத்திருக்காங்க சார். நாலு மணிக்கு அதுங்களை யாரு வீட்டை விட்டு வெளியே அனுப்புவாங்க? அதனால பட்டனை அமுக்கற வேலை மட்டும் என்னுது."

என் மனைவி தனலட்சுமி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "தையல் கத்துக்கிட்டா பொண்ணுங்களுக்கு நல்லதுதானே டீச்சரம்மா?"

டீச்சர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தனலட்சுமிக்கும் பிடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

காமிரா, சிவாஜிநகரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ரஹீம் பாயுடையது. அவருடைய மகள் டீச்சரிடம் படிக்கிறாள். அந்த மரியாதைக்காகக் கொடுத்தார். கொடுக்கும்போதே சொல்லிவிட்டாராம்: "சனிக்கிழமை பத்து மணிக்கு காமிரா கடையில இருக்கணும் டீச்சர். ஞாயித்துக்கிழமை ஒரு நிக்காஹ் இருக்கு. மாப்ளே மூஞ்சி விழலேன்னா என் மூஞ்சி போயிடும். உங்களுக்குக் குடுக்க ரோலும் இது ஒண்ணுதான். சண்டை வந்ததிலேர்ந்து பிலிம் வர்றதில்லே. பன்னெண்டு படம். பாத்து எடுங்கோ."

மூன்று விடியற்காலை. பன்னிரண்டு படம். ஓர் அறை.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கே டீச்சர் வந்துவிட்டார். முக்காலியை நிறுத்தி, காமிராவை மேலே பொருத்தி, லென்ஸைத் திறந்து கிழக்கே திருப்பி வைத்தார். பிறகு காத்திருந்தோம். நான் மங்கிக் குல்லாவும் ஸ்வெட்டரும் மப்ளரும் போட்டிருந்தேன். பெங்களூர் குளிரைப் பற்றிப் பெங்களூர்க்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

நாலு மணி தாண்டி அது வந்தது.

வாராவாரம் பத்திரிகையில் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் எதையும் பார்த்து வாய் பிளக்கிற ஆசாமி இல்லை. அன்றைக்குப் பிளந்தேன். ஈரச் சுவரில் யாரோ ஒரு விரலைச் சுண்ணாம்பில் தோய்த்துக் கீழிருந்து மேலே இழுத்த மாதிரி, ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவுதான்.

டீச்சர் ஐந்து படம் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் முப்பது நொடி ஷட்டர் திறந்திருக்க வேண்டுமாம். எல்லாம் முடிந்து, லென்ஸை மூடுவதற்காக டார்ச்சை அடித்தார்.

"ஐயோ ஆண்டவரே!"

லென்ஸ் முழுவதும் பனி. புரை விழுந்த கண் மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஐந்து படமும் அந்தப் புரைக்குள்ளேதான் எடுக்கப்பட்டிருக்கின்றன.

"பனி இறங்கும் என்று எனக்குத் தெரியும்" என்றேன்.

"எப்போ தெரியும் சார்?"

"நேத்து சாயங்காலமே."

"சொல்லியிருக்கலாமே!"

"கேட்கவில்லையே."

இங்கே என் உத்தியோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வானிலையை அளக்கிற ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். பெயர் வேண்டாம், பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது. ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர், சுற்றாத தெர்மாமீட்டர், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதிலிருந்து பனி எந்தச் சூட்டில் இறங்கும் என்ற கணக்கு. இதை வேளை தவறாமல் எழுதி, மூன்று பிரதி எடுத்து, மேலிடத்துக்கு அனுப்பினேன். பனியை அளப்பதற்கு என்னிடம் எல்லா நடைமுறையும் உண்டு. தடுப்பதற்கு? அப்படி ஒரு கட்டமே அந்தப் படிவத்தில் கிடையாது.

ஆனாலும் காரணம் தெரிந்தவனுக்குப் பரிகாரம் தெரியாதா? டீச்சரை உட்கார வைத்து விளக்கினேன். திறந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற எந்தக் கண்ணாடியும் தன் சூட்டை வானத்துக்குத் தாராளமாகக் கொடுத்துவிடும். சுற்றியுள்ள காற்றைவிடத் தான் குளிர்ந்துபோகும். காற்றிலுள்ள ஈரம் 'இடம் காலி' என்று அதன்மேல் வந்து உட்காரும். ஆகவே, வானத்தைக் கொஞ்சமாகப் பார்க்க விட வேண்டும். கண்ணாடியைக் கொஞ்சமாகச் சூடு பண்ண வேண்டும். அவ்வளவுதான்.

"இது தெரியும் சார். நைன்த் ஸ்டாண்டர்டுக்கு நான்தான் நடத்தறேன்" என்றார் டீச்சர். "தெரிஞ்சும் திறந்து வெச்சுட்டு நின்னேன் பாருங்க."

அன்று மத்தியானம் நான் தூங்கவில்லை. 'லென்ஸில் பனி படிவதைத் தடுக்கும் நடைமுறை' என்று தலைப்பிட்டு, ஏழு விதிகளும் ஒரு குறிப்பும் எழுதினேன். கார்பன் வைத்து மூன்று பிரதி. டீச்சருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, பைலுக்கு ஒன்று. வீட்டுப் பிரதி அன்று மாலையே பருப்பு டப்பா மூடிக்குள் மடித்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். மூடி லூஸாம்.

விதி இரண்டு: பால்பவுடர் டப்பா ஒன்றை இரண்டு பக்கமும் வெட்டி, உள்ளே கறுப்புக் காகிதம் ஒட்டி, லென்ஸுக்குக் குழாய் மாதிரி மாட்டுவது. விதி நான்கு: முக்காலிக்கு அடியில் மண்சட்டியில் கரித்தணல் வைத்து, மேலே சாம்பிராணிக் கூடையைக் கவிழ்ப்பது. குழந்தைக்குத் தலைக்கு ஊற்றினால் ஈரம் காயக் கவிழ்க்கிறோமே, அதே மூங்கில் கூடை. இளஞ்சூடு சீராக மேலே போகும். விதி ஆறு: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பொறுப்பான ஒருவர் லென்ஸின் அருகே சென்று டார்ச் வெளிச்சத்தில் பரிசோதிப்பது. பொறுப்பானவர் யார் என்பதைக் குறிப்பில் எழுதியிருந்தேன். நான்தான்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை. எல்லாம் விதிப்படி. டப்பாவை மாட்டியாயிற்று. தனலட்சுமி தணல் சட்டியை இடுக்கியில் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தாள். முக்காலிக்கு அடியில் வைத்தாள். கூடையைக் கவிழ்த்தாள். கீழே போய்விட்டாள். வால் நட்சத்திரமும் நேரத்துக்கு ஏறி வந்தது.

டீச்சர் மூன்று படம் எடுத்தார். நாலாவதற்குக் குனிந்தவர், நிமிர்ந்தார்.

"சார்... வாசனை வருதே?"

வந்தது. தெய்வீகமான வாசனை. கூடையின் இடுக்குகளிலிருந்து புகை திரள் திரளாக எழுந்து, லென்ஸுக்கு முன்னால் நின்று, தணலின் சிவப்பில் மினுங்கிவிட்டு, நிதானமாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

"தனம்!"

"என்னங்க, கத்தாதீங்க. தெருவே முழிச்சுக்கும்."

"தணல்ல என்ன போட்டே?"

"சாம்பிராணிதான். வேற என்ன போடுவாங்க?" படியேறி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "வெறும் சட்டியிலே நெருப்பை ஏந்திட்டு வாசப்படி தாண்டுவாங்களா? வால் முளைச்ச நட்சத்திரம் ஊருக்கு ஆகாதுங்கறாங்க. வயசுப் பொண்ணு வேற அண்ணாந்து பார்த்துட்டு நிக்குது. ஒரு பிடி போட்டா என்ன குறைஞ்சுது?"

"என் நடைமுறையில சாம்பிராணின்னு எங்கேயாவது இருக்கா?"

"போடக்கூடாதுன்னு இருக்கா?"

இல்லைதான். முப்பத்திரண்டு வருடம் விதிகளோடு வாழ்ந்தவன், விதியின் ஓட்டை வழியாகவே அடிபட்டேன்.

சட்டியை மாடியின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோனோம். ரஹீம் பாய் கொடுத்திருந்த மெல்லிய தோலால் டீச்சர் லென்ஸைத் துடைத்தார். பளிச்சென்று இருந்தது. கையிருப்பு நான்கு படம். நான் விதி ஆறைக் கையிலெடுத்தேன். அருகே போய், டப்பாவுக்குள் முகத்தை நுழைக்காத குறையாகக் குனிந்து, டார்ச்சை அடித்துப் பார்த்தேன்.

"லேசாகப் பனி ஆரம்பிக்கிறது" என்றேன்.

டீச்சர் துடைத்தார். மறுபடி குனிந்து பார்த்து, டார்ச்சை அணைத்துவிட்டு, "இப்போது சுத்தம்" என்று நான் சான்று கொடுத்தேன். ஒரு படம் எடுத்தார். மறுபடி பார்த்தேன். மறுபடி பனி! துடைத்தார். எப்போதையும்விட நெருங்கிப் பார்த்து, எப்போதையும்விட உறுதியாகச் சான்று கொடுத்தேன். இன்னொரு படம். பார்த்தால் முன்னைவிடப் பனி!

"இவ்வளவு வேகமாக இறங்குகிற பனியை என் சர்வீஸில் பார்த்ததில்லை" என்றேன். உண்மையாகவே எனக்கு உற்சாகமாக இருந்தது. "இதை மேலிடத்துக்கு எழுத வேண்டும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். லென்ஸைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"போதும் சார் இன்னிக்கு. ரெண்டுதான் மிச்சம்" என்று காமிராவை மூடினார்.

பிறகு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டார். கிழக்கு வெளுக்க ஆரம்பித்திருந்தது. கோடு மெல்ல மெல்லக் கரைந்தது. தனலட்சுமி காப்பி கொண்டு வந்து கொடுத்தாள்.

"சாம்பிராணி போட்டதுக்குக் கோவமா டீச்சரம்மா?"

"சேச்சே. இல்லக்கா." காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "பி.எஸ்ஸியில பிஸிக்ஸ் கிளாஸ்ல நான் ஒருத்திதான் பொண்ணு. பிராக்டிகல்ல நாலு பேர் ஒரு மேஜை. கருவியைத் தொடறதெல்லாம் அவங்க. என் கையில நோட்டைக் குடுத்து, 'நீங்க ரீடிங் எழுதுங்க'ம்பாங்க. மூணு வருஷம் ரீடிங் எழுதினேன். ஒரு திருகைத் திருப்பினதில்லை. அந்த ரூம்ல என் பொண்ணுங்க அவங்க கையாலே திருப்பறாங்க, உடைக்கிறாங்க, ஒட்டறாங்க. அதுக்குத்தான் அந்த ரூம் வேணும். வேற ஒண்ணும் இல்ல."

முப்பத்திரண்டு வருடம் ரீடிங் எழுதிய நான் காப்பியைக் குடித்தேன். தனலட்சுமி டம்ளர்களை எடுத்துக்கொண்டாள். படியிறங்கும்போது, யாரிடம் என்று இல்லாமல் சொன்னாள்: "எனக்கும்தான் தையல் கத்துக் குடுத்தாங்க. முப்பது வருஷமா இவர் சட்டைக்குப் பித்தான் தெச்சுட்டிருக்கேன்."

அன்று ராத்திரி என் முழங்கால் சத்தியாகிரகம் செய்தது. இரண்டு விடியற்காலைப் பனி சும்மா விடுமா? தனலட்சுமி கல் உப்பை வறுத்து முடிந்து கொண்டு வந்தாள். முழங்காலில் வைத்துவிட்டு ரசத்துக்குத் தாளிக்கப் போனாள். தாளித்து, சாதம் வடித்து, அப்பளம் பொரித்து, திரும்பி வந்தாள்.

"இன்னும் சுடுது. எடு" என்றேன்.

அவள் நின்றாள். "எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை மணிக்கு மேலே."

"இன்னும் சுடுதா? ஈரம் இல்லையே? புகை இல்லையே?"

"உப்பு எங்கேயாவது புகையுமா?"

ஒத்தடத்தை என் முழங்காலிலிருந்து பிடுங்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். மதில் சுவருக்கு மேலே எட்டி அவள் கூப்பிட்டது ஜீவனஹள்ளி முழுக்கக் கேட்டிருக்கும்.

"டீச்சரம்மா! உங்க காமிராவுக்குக் கழுத்து இருக்கா?"

இருந்தது. உடம்புக்கும் லென்ஸுக்கும் நடுவே, டப்பா மாட்டுகிற இடத்துக்குக் கீழே, இரண்டு விரல் அகலத்துக்கு.

சனிக்கிழமை. கடைசி நாள். நீளமாக ஒரு துணிக் குழாய் தைத்து, வறுத்த உப்பை அதில் நிரப்பி, காமிராவின் கழுத்தைச் சுற்றிக் கட்டினாள் தனலட்சுமி. தையல் உபயோகப்பட்டது, ஒப்புக்கொள்கிறேன். மேலே என் மப்ளர், சூடு தப்பாமல். தொட்டுப் பார்த்து, "குழந்தைக்குப் பொறுக்கற சூடு. போதும்" என்றாள். டீச்சர் விரலை வைத்து, "கொஞ்சம் கம்மி பண்ணலாமாக்கா? லென்ஸை ஒட்டியிருக்கிற பசை இளகிடும்" என்றார். இரண்டு பேரும் தலையோடு தலை வைத்து ஒரு சுற்றைப் பிரித்துக் கட்டினார்கள். என்னை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

நான் டார்ச்சோடு கிளம்பினேன்.

"சார், இன்னிக்கு டார்ச் வேணாம். உங்களுக்கு முக்கியமான வேலை இருக்கு" என்றார் டீச்சர். "வாட்சைப் பார்த்து முப்பது நொடி எண்ணணும். மாடிப்படிகிட்ட நின்னு சொல்லுங்க."

"இங்கேயே நின்று சொல்கிறேனே?"

"இல்ல சார். அங்கேயிருந்துதான் கணீர்னு கேக்கும்."

நேரம் பார்ப்பதில் என்னைவிட நம்பிக்கையானவர் கிடையாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என நினைத்தேன். பெருமையாகவே இருந்தது. படிக்கட்டுக்குப் போய் நின்று எண்ணினேன். முப்பது!

பதினோராவது படம் எடுத்தாயிற்று. பன்னிரண்டாவதற்கு மேகம் ஒன்று குறுக்கே வந்து உட்கார்ந்தது. அது நகர்வதற்குள் கிழக்கு வெளுத்துவிட்டது. இருந்தாலும் டீச்சர் எடுத்தார், பிலிமை வீணாக்குவானேன் என்று.

டீச்சரும் நானும் பத்து மணிக்கு சிவாஜிநகரில் இருந்தோம். ரஹீம் பாய் ரோலை வாங்கிக்கொண்டு இருட்டறைக்குள் போனார். ஒரு ஸ்டூடியோ முதலாளி இருட்டறைக்குள் பிலிம் கழுவுவதை வெளியே நின்று பார்த்திருக்கிறீர்களா? கதவைத் தவிர ஒன்றும் தெரியாது. டீச்சர் சுவரில் தொங்கிய மாப்பிள்ளை பெண் படங்களை ஒன்று விடாமல் பார்த்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். புடவைத் தலைப்பு நுனி அவர் கையில் கயிறாகியிருந்தது.

கதவு திறந்தது. சொட்டச் சொட்ட பிலிமைத் தூக்கிப் பிடித்தபடி பாய் வந்தார்.

"அரே டீச்சர், என்ன செஞ்சீங்கோ? எல்லாம் பால்கோவா!"

டீச்சர் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பன்னெண்டுல பதினொண்ணு பால்கோவா... லேகின் இது மட்டும், இங்கே பாருங்கோ."

வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கண்ணாடி போலத் தெளிந்த பிலிமில் ஒரு கறுப்புக் கீற்று, சற்றே சாய்ந்து. அச்சடித்தால் வெள்ளையாகிவிடும். பதினோராவது படம். ஒத்தடம் வாங்கிய படம்.

டீச்சர் மூக்கை உறிஞ்சினார். பிறகு, "பாய், பன்னெண்டையும் பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்றார்.

"பால்கோவாவுக்குக்கூடவா?"

"எல்லாத்துக்கும்."

ஏன் என்று நான் கேட்டேன். திங்கட்கிழமை வாருங்கள் சார், அக்காவையும் கூட்டி வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் போனோம். வராந்தாவில் ஆறு மிஷின்கள் எண்ணெய் போட்டுத் தயாராக நின்றன. மூலை அறையில் ஒரு பலகை. அதில் பன்னிரண்டு படங்களும் வரிசையாக. பதினோராவதைத் தவிர ஒவ்வொன்றுக்கும் கீழே பெண்களின் கையெழுத்தில், படம் ஏன் கெட்டது என்று ஒரு சீட்டு.

முதல் ஐந்துக்குக் கீழே: பனி.

அடுத்த மூன்றுக்குக் கீழே: சாம்பிராணி. தனலட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஒன்பது, பத்துக்குக் கீழே: பக்கத்து வீட்டுக்காரரின் மூச்சு.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தேன். அதேதான்.

"முப்பது வருஷமா நான் சொல்றேன், எதையும் கிட்டக் குனிஞ்சு பார்க்காதீங்கன்னு" என்றாள் தனலட்சுமி. "குழம்புச் சட்டி தப்பலை, காமிரா எங்கே தப்பும்?"

டீச்சரிடம் போய்த் தாழ்ந்த குரலில் என் ஆட்சேபணையைத் தெரிவிக்கலாம் என்று திரும்பினேன். அதற்குள் இன்ஸ்பெக்ட்ரஸ் நுழைந்துவிட்டார். மைசூர்ப் பக்கத்து அம்மாள். கன்னடம் கலந்த தமிழ். பின்னாலேயே ஹெட்மிஸ்ட்ரஸ், கையில் அறை மாற்றத்துக்கான காகிதத்தோடு.

இன்ஸ்பெக்ட்ரஸ் வால் நட்சத்திரப் படத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "சென்னாகிதே... நல்லா இருக்கு. ஆனா நோடி டீச்சர், காமிரா ஸ்டூடியோக்காரரது. எடுத்தது நீங்க. பிள்ளைங்க செஞ்சது ஏனு, என்ன?"

நேர்மையான கேள்வி. ஹெட்மிஸ்ட்ரஸ் காகிதத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். டீச்சரின் முகம் சுண்டிவிட்டது.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ரெட்டைப் பின்னல், பலகையைக் காட்டினாள். "காரணத்தைக் கண்டுபிடிச்சது நாங்க மேடம். வெள்ளிக்கிழமை டீச்சர் வந்து, பனி விழவிழத் துடைச்சும் திரும்பத் திரும்ப வந்துச்சுன்னாங்க. பனி அவ்வளோ வேகமா வராது. தணல்ல சூடான லென்ஸ் வேற. அதனால கண்ணாடித் தகட்டை மண்பானைத் தண்ணியில குளிர வெச்சு, துடைச்சு, தூரத்துலேருந்து பார்த்தோம், கிட்டேயிருந்து பார்த்தோம். கிட்டக் குனிஞ்சா மட்டும்தான் வந்துச்சு."

"அது தகடு. இது லென்ஸு" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ். "அந்த மனுஷரே மூச்சு விட்டாருன்னு எப்படிச் சொல்வீங்க? யாரு அந்தப் பக்கத்து மனெயவரு?"

இருபது விரல்கள் என்னைக் காட்டின.

"ஹௌதா, நிஜமா சார்? ஒத்துக்கறீங்களா?"

எனக்குப் பதில் தெரியும். எத்தனை விளக்க மெமோக்களுக்கு நான் பதில் எழுதியிருக்கிறேன்! 'குறிப்பிட்ட நேரத்தில் நிலவிய ஈரப்பதத்தைக் கருத்தில் கொண்டால், காரணத்தை அறுதியிட்டுக் கூற இயலாது.' அப்பழுக்கில்லாத வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் என் மானம் தப்பியிருக்கும். அந்தப் பெண்கள் செய்தது ஊகமாகியிருக்கும். ஊகத்துக்கு யார் அறை கொடுப்பார்கள்?

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. மிஷின்கள் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தகட்டைக் கொடும்மா" என்றேன்.

அந்தப் பெண் பானையிலிருந்து எடுத்து, துடைத்து நீட்டினாள். வெள்ளிக்கிழமை எப்படிக் குனிந்தேனோ அப்படியே குனிந்தேன். எப்படிப் பார்த்தேனோ அப்படியே, பொறுப்போடு, பார்த்தேன். தகடு வெளுத்துப்போயிற்று. மூச்சை அடக்கிக்கொண்டு இன்னொரு தகட்டைப் பார்த்தேன். என் மூக்கின் நிழல் தெளிவாகத் தெரிந்தது.

"நான்தான்" என்றேன். "இரண்டு படமும்."

இன்ஸ்பெக்ட்ரஸ் சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி. "எழுதிக் கொடுங்க" என்று கழகத்தின் நோட்டை என் முன்னால் வைத்தார். என்ன நடைமுறை ஞானம்! எழுதினேன். கையெழுத்துப் போட்டேன், தேதியும் போட்டேன். அடியில் இன்ஸ்பெக்ட்ரஸ் ஒரே ஒரு வரி எழுதினார்: இந்த அறை விஞ்ஞானக் கழகத்துக்கே தொடரட்டும்.

தையல் மிஷின்கள் ஹாலில் மேடைக்குப் பின்னால் போயிருக்கின்றன. அங்கே வெளிச்சம் இன்னும் நன்றாக இருக்கிறதாம்.

முப்பத்திரண்டு வருடம், பனி எப்போது இறங்கியது, எவ்வளவு இறங்கியது என்று மூன்று பிரதி எழுதினேன். யாரால் இறங்கியது என்று எழுத ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் வர வேண்டியிருந்தது!